ஒட்டகத்தின் மனைவியிடம் யாரும் கேட்கவில்லை

துறைமுகத்தில் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கிக் கரையில் நிற்கும் லாரிகளில் இறக்கும் பெரிய கிரேன் ஒன்றை அவர் இயக்கினார். பத்து மாடி உயரத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டுதான் அவருடைய அலுவலகம். உள்ளே ஒரு நாற்காலி, இரண்டு கைகளுக்கும் இரண்டு பிடிகள், கால்களுக்கு நடுவே கண்ணாடித் தரை. நாள் முழுவதும் அந்தத் தரை வழியே குனிந்து கீழே பார்த்தபடிதான் வேலை.

மற்ற ஆட்கள் ஷிப்டுக்கு நடுவில் இரண்டு முறையாவது இறங்குவார்கள். இவர் ஏறினால் ஏறியதுதான். வேலை முடிந்த பிறகே தரையில் கால் வைப்பார். தண்ணீர் பாட்டில்கூட மேலே கொண்டுபோகமாட்டார்.

"இவனுக்கு முதுகுல எங்கயோ தண்ணித்தொட்டி இருக்குடா. ஒட்டகம்!" என்று ஒரு நாள் சொன்னவன் விசில். கிரேனுக்குக் கீழே நின்று கை சைகையாலும் விசிலாலும் பெட்டிகளுக்கு வழிகாட்டுகிறவன். இருபது வருடச் சிநேகிதன். பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. மேலதிகாரி புதிதாகச் சேர்ந்தவர்களிடம், "அவரைப் பாருங்க, ஒரு தடவை இறங்கறாரா?" என்று உதாரணம் காட்டினார். ஒட்டகம் அதைக் கேட்டு லேசாகத் தலையை ஆட்டிக்கொள்வார், பெருமையாக இருப்பதுபோல.

அவர் மட்டும் அறிந்த உண்மை வேறு. தண்ணீர் குடித்தால் சிறுநீர் முட்டும். முட்டினால் இறங்க வேண்டும். இறங்கிப் போய்க் கழிப்பறையில் நின்றால் வராது. கொஞ்சம் வரும், நின்றுவிடும், மறுபடி சொட்டும். பக்கத்தில் நின்றவன் வேலையை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவான், அடுத்தவன் வருவான், அவனும் போய்விடுவான், இவர் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருப்பார். அந்த அவமானத்துக்குப் பயந்து நாக்கு வறண்டு கிடப்பதே மேல் என்று அவருக்குத் தோன்றியது. சில ஆட்கள் கூண்டிலேயே ஒரு காலி பாட்டில் வைத்திருந்தார்கள். அதுவும் அவரால் முடியவில்லை. "அந்தக் கண்ணாடித் தரையைப் பார்த்தா ஊரே அண்ணாந்து பார்க்கற மாதிரி இருக்குடா" என்று ஒரு முறை விசிலிடம் வாய்விட்டுச் சொன்னார். விசில் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தான்.

அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. இரண்டு தங்கைகளுக்கு வாழ்க்கை அமைத்துக் கொடுத்துவிட்டு, தலை பாதி நரைத்த பிறகுதான் தனக்கென்று ஒரு வீட்டை நினைத்துப் பார்த்தார். மனைவி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையில் குழந்தைகள் பிரிவில் வேலை. தினமும் எத்தனையோ குட்டிக் கால்களைத் தன் மடியில் வைத்து அளவு பார்த்து ஷூ மாட்டிவிடுவாள். அவள் வயிற்றில் இரண்டு முறை கரு தங்கியது. இரண்டு முறையும் கலைந்தது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அவள் கடைக்குப் போய்விட்டாள். மதியம் சாப்பாடு கொடுக்கப் போன ஒட்டகம், கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். ஒரு சின்னப் பையன் காலை உதறி அழுதுகொண்டிருந்தான். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அன்று அவர் மனதுக்குள் ஒரு சத்தியம் செய்துகொண்டார். இவளுடைய நம்பிக்கையைத் தன் கையால் ஒரு நாளும் முறிக்கக் கூடாது.

நல்ல மனதோடு செய்த அந்தச் சத்தியம்தான் பின்னால் அத்தனை பாவத்தையும் செய்தது.

குளிர்காற்று அடிக்கும் மாதம். ஒட்டகத்துக்குக் கடுமையான ஜலதோஷம். கூண்டில் தும்மினால் பிடியில் கை நடுங்கும், கை நடுங்கினால் கீழே பெட்டி ஆடும். அதனால் மருந்துக் கடையில் மூக்கொழுகலுக்கு மாத்திரை வாங்கி, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு ஏறினார். தும்மல் நின்றது. மதியத்துக்குள் வேறொன்றும் நின்றுவிட்டது. அடிவயிறு கல்லாக இறுகியது. ஒரு பெட்டி அப்போது அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பூப்போல லாரியில் இறக்கி வைத்தார். பிறகு ரேடியோவை எடுத்தார்.

"விசிலு… மேல வாடா."

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் கேக்காத. வா."

இருபது வருடத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. விசில் ஏறிவந்தபோது, ஒட்டகம் நாற்காலியில் மடங்கி, சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றினார்கள். அந்த நிமிடம் கிடைத்த நிம்மதியை அவர் பிறகு யாரிடமும் விவரிக்க முயன்றதில்லை. கண்ணைத் திறந்தபோது எதிரில் நின்ற டாக்டர் ஒரு பெண். தங்கை மகள் வயதுதான் இருக்கும். ஒட்டகத்துக்குப் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டார் டாக்டர்.

"இன்னிக்குத்தான்."

"பொய். உங்க சிறுநீர்ப்பை வேற சொல்லுது."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சிறுநீர்ப்பைக்குக் கீழே, வெளியே வரும் பாதையைச் சுற்றி ஆண்களுக்கு ஒரு சுரப்பி உண்டு. பேர் பிராஸ்டேட். வயது ஏற ஏற அது பருக்கும், பருத்துப் பாதையை நெரிக்கும். இது புற்றுநோய் இல்லை. ஏற்கெனவே பாதி மூடியிருந்த கதவைச் சளி மாத்திரை முழுசாகச் சாத்திவிட்டது.

முதலில் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். குழாயை எடுத்த பிறகு ஓரளவு போனது. ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளே நிறையத் தங்கியது. இரண்டு மாதம் கழித்து டாக்டர் அவரைத் தனியே உட்கார வைத்துப் பேசினார்.

"மாத்திரை மட்டும் போதாது. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நீராவி. சின்னக் கருவியை உள்ள விட்டு, பருத்த சதைக்குள்ள ஆவியைச் செலுத்துவோம். பத்து நிமிஷ வேலை. அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். ஒரு வாரம் ட்யூப் இருக்கும், கொஞ்ச நாள் எரியும். சதை மெல்ல மெல்லச் சுருங்கும், பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"இன்னொண்ணு?"

"ஆபரேஷன். வெளிய கத்தி வைக்க மாட்டோம், அதே பாதை வழியாத்தான் போவோம். ஆனா அடைக்கிற சதையையே சுரண்டி எடுத்துடுவோம். மரத்துப்போக முதுகுல ஊசி. ரெண்டு மூணு நாள் இங்க இருக்கணும். ரத்தம் போகும், ஆறறதுக்கு வாரக்கணக்கா ஆகும். ஆனா பாதை நல்லாத் திறக்கும், பல வருஷத்துக்குத் தாங்கும்."

"உங்க அப்பாவா இருந்தா எதைச் சொல்வீங்க?"

டாக்டர் யோசிக்கவேயில்லை. "ஆபரேஷன். உங்களுக்குச் சதை ரொம்பப் பெரிசு, சிறுநீர்ப்பைக்குள்ளயும் துருத்திக்கிட்டு இருக்கு. ஆவி வச்சா முடியாதுன்னு சொல்லலை. ஆனா பாதிதான் சரியாகும். சீக்கிரமே திரும்பி வந்து நிப்பீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆபரேஷன்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். தாம்பத்யத்துக்கு அநேகமா தடை இருக்காது. ஆனா விந்து வெளிய வராம சிறுநீர்ப்பைக்கே திரும்பிப் போயிடும். பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். ஆவி வச்சா அந்தப் பிரச்சினை ரொம்பக் குறைவு. உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

ஒட்டகம் தன் கைகளைப் பார்த்தார்.

"இன்னும் இல்லை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வீட்ல அவங்களுக்கு வயசு?"

"நாப்பத்தொண்ணு."

"அப்படின்னா இதைக் கேளுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே விந்தை எடுத்து உறைய வச்சுப் பாதுகாக்கலாம். பிறகு அதை வச்சு முயற்சி பண்ணலாம். ரெண்டும் கையில இருக்கும். ஆனா இதை நீங்க தனியா முடிவு பண்ணக் கூடாது. அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டு வாங்க. மூணு பேரும் உட்கார்ந்து பேசுவோம்."

"சரிங்க டாக்டர்" என்றார் ஒட்டகம்.

அந்த வாரம் முழுவதும் அவர் சொல்ல முயன்றார். டீ குடிக்கும்போது வாயைத் திறந்தார். அவள் நிமிர்ந்து பார்த்ததும் சர்க்கரை கேட்டார். இருவரும் கடைத்தெருவில் நடக்கும்போது ஆரம்பித்தார். அவள் ஒரு தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், பேச்சைக் காய்கறி விலைக்கு மாற்றிவிட்டார். 'இனி என்னால் உனக்கு இயல்பாக ஒரு பிள்ளை கிடைக்காது' என்ற வாக்கியத்தை எந்த மனிதன் எந்த மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்வான்? உறைய வைப்பது, ஊசி, சோதனை என்று அவளை மறுபடி ஆஸ்பத்திரிப் படி ஏற்றுவதா? வேண்டாம். இந்தச் சுமையைத் தனியாகவே தூக்கிவிடுவோம் என்று முடிவு செய்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே.

அடுத்த வாரம் தனியாகப் போனார்.

"பேசிட்டோம் டாக்டர். ஆபரேஷன் வேணாம், ஆவியே போதும்னு சொல்லிட்டா."

"அவங்களே சொன்னாங்களா?"

"அவளேதான்."

வீட்டில் வேறு கதை. "டாக்டர் ஆவி வைக்கறதுதான் நல்லதுன்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷனே தேவையில்லையாம்."

மனைவி நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள். "அப்பாடா! ஆவின்னா எப்படிங்க? துணிக்கு இஸ்திரி போடற மாதிரியா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

"அப்ப அந்த மூஞ்சிச் சுருக்கத்துக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்க."

இருவரும் சிரித்தார்கள். அவர் சிரித்ததில் ஒரு பாதி பொய்.

ஆவி வைத்தார்கள். ஒரு வாரம் குழாயோடு படுத்திருந்தார். எரிச்சல் பல நாள் இருந்தது. பிறகு மெல்ல, டாக்டர் சொன்னபடியே, பாதை கொஞ்சம் தளர்ந்தது. பெரிய வெள்ளம் இல்லை, ஆனால் நிற்காமல் வந்தது. "வந்துட்டாருய்யா நீராவி இன்ஜின்!" என்று விசில் துறைமுகமே கேட்கக் கத்தினான். கணவனும் மனைவியும் சில மாதங்கள் நம்பிக்கையோடு இருந்தார்கள். ஒரு முறை அவளுக்கு நாள் தள்ளிப்போனது. அவள் கணக்கைச் சொல்லவில்லை, ஆனால் நடையில் ஒரு கவனம் வந்தது. படியேறும்போது கைப்பிடியைத் தொட்டாள். பிறகு ஒரு நாள் கடையின் பின்னறையில், அடுக்கி வைத்த ஷூப் பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒட்டகம் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்காமல் இருப்பதை அந்த வீட்டில் அன்பு என்று நினைத்திருந்தார்கள்.

வருடம் திரும்புவதற்குள் பழைய கதை திரும்பியது. மறுபடி சொட்டல், மறுபடி காத்திருப்பு. டாக்டரிடம் போனால் ஆபரேஷன் என்பார். அதனால் அவர் போகவில்லை. பரிசோதனைக்கு வரச்சொன்ன நாட்களில் வேலை இருக்கிறது என்று தட்டிக்கழித்தார். தண்ணீரை மறுபடி நிறுத்தினார். நாளாக ஆக வயிறு வலிக்கவும் இல்லை. சிறுநீர்ப்பை தளர்ந்து, நிறைந்தே கிடந்தது. வலி இல்லாததால் நோய் இல்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டார்.

அவரைக் காட்டிக்கொடுத்தவை அவருடைய கால்கள்.

வேலைக்குப் போடும் பூட்ஸ் கிழிந்துவிட்டதென்று மனைவி அவரைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தாள். நாற்காலியில் உட்கார வைத்து, பழக்கதோஷத்தில் அவர் காலையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவருடைய அளவு பூட்ஸ் பாதியில் நின்றது.

"இது சின்னதா இருக்கு. அடுத்த நம்பர் எடு" என்றார் அவர்.

"உங்க நம்பர் எனக்குத் தெரியாதா?" அவள் காலுறையை இறக்கினாள். கணுக்காலுக்கு மேலே காலுறையின் விளிம்பு ஆழமாகப் பதிந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, மேலெழவில்லை. அவள் அந்தக் குழியையே பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"என்கிட்ட வேணாங்க. எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஷிப்ட் இருக்கும்மா…"

"இருக்கட்டும். கப்பல் எங்கயும் ஓடிப்போகாது. ஓடிப்போனா நீந்திப் பிடிங்க."

அன்றுதான் அவள் முதன்முறையாக அந்த டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள். அதற்குள் ஒட்டகத்துக்குக் குழாய் போட்டு, வயிற்றில் தேங்கியிருந்ததை எல்லாம் வெளியேற்றி, ரத்தமும் எடுத்துப் பார்த்திருந்தார்கள். டாக்டரின் முகம் இறுகியிருந்தது.

"ரெண்டு கிட்னியும் வீங்கியிருக்கு. சிறுநீர் போக வழியில்லாம மேலேயே தேங்கி நின்னிருக்கு. உள்ள கிருமியும் இருக்கு. முதல்ல அதை அடக்கணும், அப்புறம் ஆபரேஷன். இதுக்கு மேல தள்ளிப்போட்டா கிட்னியைக் காப்பாத்த முடியாது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். குரலில் கோபத்தை மறைக்க முடியவில்லை. "போன தடவையே நான் இதைச் சொன்னேன். நீங்கதான் ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டீங்களாமே?"

ஒட்டகம் தரையைப் பார்த்தார். இந்தத் தரை கண்ணாடியாக இருந்து, உடைந்து, தான் கீழே விழுந்துவிடக் கூடாதா என்று அவருக்கு இருந்தது.

மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பி, அமைதியான குரலில் சொன்னாள்.

"எனக்கு மறதி ஜாஸ்தி டாக்டர். அன்னிக்குச் சொன்னதை முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லுங்க."

டாக்டர் இருவர் முகத்தையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆவி, ஆபரேஷன், எது எவ்வளவு தாங்கும், எதில் என்ன இழப்பு, உறைய வைக்கும் வழி, எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னார். அவள் ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை. முடிந்த பிறகு கேட்டாள்.

"இப்ப உறைய வைக்க முடியுமா?"

"இப்ப முடியாது. ட்யூப் இருக்கு, கிருமி இருக்கு. அது முழுசா அடங்கக் காத்திருக்க கிட்னி விடாது. ஆபரேஷனுக்கு அப்புறம் ஊசி வழியா எடுக்கற முறை ஒண்ணு இருக்கு. அதுக்குன்னு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். கிடைக்கும்னோ தங்கும்னோ உறுதி சொல்ல முடியாது. உங்க வயசையும் பார்க்கணும்."

"போன வருஷம்னா?"

"போன வருஷம் சுலபமா முடிஞ்சிருக்கும்."

அவள் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். "நன்றி டாக்டர்" என்றாள்.

வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் பேசினாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

"என்னைக் காப்பாத்தறதா நினைச்சீங்களா?"

"உன் முகத்தைப் பார்த்து எப்படிம்மா சொல்வேன்…"

"என் முகம் என்ன, தொட்டா உடையற பொம்மையா? ரெண்டு தடவை கலைஞ்சப்ப நான் உடைஞ்சேனா? மறுநாள் கடைக்குப் போனேனா இல்லையா?"

"அதைப் பார்த்துத்தான்…"

"நான் சொல்லாததை எல்லாம் நான் சொன்னதா போய்ச் சொல்லியிருக்கீங்க. ஆவி போதும்னு நான் சொன்னேனாம். என் வாயில நீங்க வச்ச அந்த வார்த்தைக்கு என் வயிறுதாங்க கூலி குடுத்திருக்கு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு ஆசை இருக்கு. இப்பவும் இருக்கு. இல்லைன்னு பொய் சொல்லி உங்களுக்கு ஆறுதல் குடுக்க மாட்டேன். ஆனா என்னைக் கேட்டிருந்தா, அன்னிக்கே உறைய வச்சுட்டு ஆபரேஷனைப் பண்ணுங்கன்னு சொல்லியிருப்பேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது." கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "ஒரே ஒரு வார்த்தை. கேட்டிருக்கலாம்ல?"

அடுத்த நாட்களில் அவள் வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்தாள். தலையணையை நிமிர்த்தி வைத்தாள். பேசவில்லை. 'சாப்பிடுங்க', 'மாத்திரை', 'நாளைக்கு வரேன்'. அவ்வளவுதான். அந்த மரியாதை அவருக்கு அடி வாங்குவதைவிட மோசமாக வலித்தது.

விசில் பார்க்க வந்தான். வந்ததுமே, "என்னடா, இன்ஜின் ரிப்பேரா?" என்றவன், அவர் முகத்தைப் பார்த்து அடங்கினான். ஒட்டகம் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினார். கேட்டு முடித்த விசில் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினான்.

"ஏன்டா, மேலேர்ந்து பார்த்தா உனக்கு எல்லாம் தெரியும். இருந்தும் கீழ நிக்கறவன் கையைப் பார்க்காம என்னிக்காவது ஒரு பெட்டியை எடுத்திருக்கியா?"

"இல்ல."

"ஏன்?"

"கீழ நிக்கறவன் தலைமேலதானே அது வருது."

"அப்ப வீட்ல மட்டும் அந்தம்மா தலைமேல நீ பாட்டுக்கு இறக்குவியா? நல்லா இருக்குடா உன் நியாயம்." கோபத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது. பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "திட்டணும்னு வரலடா. திட்ட வச்சுட்டே" என்று அவர் காலைத் தடவிக்கொடுத்தான்.

அன்று மாலை மனைவி வந்ததும், அவள் பாத்திரத்தைத் திறப்பதற்கு முன்பே ஒட்டகம் பேசினார்.

"தப்பு பண்ணிட்டேன். உன் நல்லதுக்குன்னு சொல்லிச் சமாளிக்க மாட்டேன். டாக்டர் நாளன்னிக்கு ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்றாங்க. நீ என்னம்மா சொல்றே?"

அவள் பாத்திரத்தின் மூடிமேல் கையை வைத்தபடி நின்றாள்.

"கிட்னி போன புருஷனை வச்சுக்கிட்டு நான் யாருக்கு அம்மாவாகறது? பண்ணிக்குங்க." மூடியைத் திறந்தாள். "ஆனா உங்களுக்காக நான் பெரிய தியாகம் பண்ணிட்டேன்னு ஊர்ல போய்ப் பெருமை பேசாதீங்க. எனக்குக் கோபம் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கும். நீங்க சாப்பிடுங்க."

ஆபரேஷன் நடந்தது. இடுப்புக்குக் கீழே உடம்பு தன்னுடையதல்ல என்பதுபோல மரத்துக் கிடக்க, தலைக்கு மேலே இருந்த விளக்கைப் பார்த்தபடி அவர் படுத்திருந்தார். கருவியின் ரீங்காரம் கேட்டது. பிறகு வார்டில், மேலே தொங்கிய பையிலிருந்து கழுவும் நீர் குழாய்வழியே உள்ளே போய்ச் சிவப்பாக வெளியே வந்துகொண்டிருந்தது. சிவப்பு ரோஸ் நிறமாயிற்று. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை மறுபடி சிவந்தபோது எழுந்து ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தாள். "இது சகஜம்மா" என்று நர்ஸ் சொன்ன பிறகும் அவள் உட்காரவில்லை.

குழாயை எடுத்த காலையில் அவர் பிடித்துப் பிடித்து நடந்து கழிப்பறைக்குள் போனார். அவள் கதவுக்கு வெளியே நின்றாள். முதலில் எரிச்சலில் ஒரு முனகல் கேட்டது. பிறகு சத்தம் வந்தது. தடையில்லாமல், நிற்காமல், ஒரு வாலிபனுடையதுபோல. உள்ளே நின்ற ஒட்டகம் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு விம்மினார்.

வெளியிலிருந்து அவள் குரல் வந்தது.

"போதுங்க, குழாயை மூடுங்க. ஆஸ்பத்திரித் தண்ணியெல்லாம் தீந்துடப் போகுது."

எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவள் அவரிடம் செய்த முதல் கேலி. அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

மூன்று மாதத்தில் கால் வீக்கம் வடிந்தது. சிறுநீரகங்கள் முழுமையாக இல்லாவிட்டாலும் பெருமளவு மீண்டன. இனி தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது, சளி மாத்திரையை இஷ்டத்துக்குப் போடக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லி, வேலைக்குப் போக அனுமதித்தார். கிளம்பும்போது, விந்தை ஊசி வழியாக எடுக்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் இருப்பதாகச் சொன்னார். "விருப்பம் இருந்தா சொல்லுங்க. ரொம்ப யோசிக்க நேரம் இல்லை, அதையும் சொல்லிடறேன்."

அன்று ஒட்டகம் தனியாகத்தான் போயிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் செருப்புக் கடைக்கு நடந்தார். அவள் ஒரு பெண் குழந்தையின் காலில் வார் மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஓரமாக நின்றார். குழந்தை போன பிறகு, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

"உனக்கு எப்படித் தோணுது? நான் ஒண்ணும் முடிவு பண்ணலை."

"இப்பவே சொல்லணுமா?"

"வேணாம். உனக்குத் தோணும்போது சொல்லு."

அவள் சில நாட்கள் எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை, இருவரும் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி நின்று சொன்னாள்.

"வேணாங்க."

அவர் மறுமுனைகளைப் பிடித்திருந்தார்.

"நல்லா யோசிச்சேன். நானே யோசிச்சேன். மறுபடி ஊசி, மறுபடி காத்திருக்கறது, மறுபடி அந்த மாதிரி ஒரு நாள். என்னால முடியும். ஆனா வேணாம்னு தோணுது. என் உடம்பு களைச்சுப்போச்சு. இதோட நிறுத்திக்கலாம்."

"சரிம்மா" என்றார் அவர். இந்தப் பதிலுக்கு அவர் தன்னைத் தயார் செய்துதான் வைத்திருந்தார். அவள் அழுவாள், தான் தேற்ற வேண்டும், அப்போது என்னென்ன சொல்லலாம் என்றுகூட நினைத்து வைத்திருந்தார். அவள் அழவில்லை. போர்வையை மடிக்க அவர் பக்கம் வந்தபோதுதான், அவர் தன் முனைகளை நீட்டாமல் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தாள்.

"என்னங்க?"

கட்டிலில் உட்கார்ந்தார். வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருடமும் அவளுக்காக, அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு அவர் நெஞ்சுக்குள் மூடி வைத்திருந்தது இப்போது வெளியே வந்துவிட்டது.

"எனக்கு வேணும்னு இருந்துச்சும்மா" என்றார். "எனக்குத்தான் இருந்துச்சு."

அவள் திகைத்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு முறைகூட அவர் அதைச் சொன்னதில்லை. இந்த மனிதருக்கு அந்த ஆசை இருக்கிறதா என்று அவளும் கேட்டதில்லை.

"இதை ஏங்க என்கிட்ட சொல்லவேயில்லை?"

அவர் போர்வையின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணா, பையனா?" என்று கேட்டாள் அவள், மிகவும் மெதுவாக.

"பொண்ணு."

அவள் கட்டிலில் கிடந்த துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க" என்றாள். "எப்படி இருப்பான்னு நினைச்சு வச்சிருந்தீங்க? இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிடுங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார்.